பிரியானா ஸ்கர்ரி 1999-ல் தடுத்த அந்தப் பெனால்டி: என் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

வேணி (மினசோட்டா):

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மினியாபோலிஸ் பக்கத்தில் இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பு, கிளப் டீமில் கோல்கீப்பர். பள்ளியில் ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிப் படித்து, பெரிய அட்டையில் படங்கள் ஒட்டி, வகுப்புக்கு முன்னால் பேச வேண்டும். அவள் அமெரிக்கப் பெண்கள் கால்பந்து டீமின் கோல்கீப்பராக இருந்த பிரியானா ஸ்கர்ரியை எடுத்திருக்கிறாள். மினியாபோலிஸில் பிறந்து, எங்களுக்குப் பக்கத்திலேயே டேட்டன் என்ற சின்ன ஊரில் வளர்ந்து, அனோகா ஹைஸ்கூலில் படித்தவர் என்பதால் ‘நம்ம ஊர் கீப்பர்’ என்று ஒரே பெருமை.

இப்போது இரண்டு சிக்கல். வகுப்பில் ஒரு பையன், “அந்த அம்மா 1999 உலகக் கோப்பை ஃபைனலில் ஏமாற்றித்தான் பெனால்டியைத் தடுத்தார், பந்தை உதைக்கும் முன்பே கோல் கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டார்” என்று சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்து வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். உண்மையிலேயே முன்னால் வருகிறார். அப்புறம் அழுகை. வேறு யாரையாவது எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள்.

இரண்டாவது சிக்கல் எனக்கு. அவளுக்கு உதவலாம் என்று நானும் படித்தேன். 2010-ல் தலையில் அடிபட்டு அவர் பட்ட பாடு என்னைத் தூங்கவிடவில்லை. என் வீட்டுக்காரர் ‘கீப்பிங்கே வேண்டாம், மிட்ஃபீல்டில் ஆடட்டும்’ என்கிறார். அவள் கையுறையைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். கால்பந்து தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ரவி (கலிஃபோர்னியா):

வேணி, அந்த ஆட்டத்தை நான் நேரில் பார்த்தவன். 1999 ஜூலை 10, பசடீனா ரோஸ் பவுல். 90,185 பேர். நல்ல வெயில். சீனா அருமையான டீம், சுன் வென் என்று ஒரு ஆட்டக்காரி, பந்து அவர் காலுக்கு வந்தாலே எங்கள் பக்கம் மூச்சு நின்றுவிடும். தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை. எக்ஸ்ட்ரா டைமில் ஒரு கார்னரிலிருந்து சீனாவின் ஃபான் யுன்ஜியே தலையால் முட்டிய பந்து ஸ்கர்ரியைத் தாண்டிப் போய்விட்டது. கோல் லைனில் கம்பத்தை ஒட்டி நின்ற கிறிஸ்டின் லில்லி தலையால் வெளியே தள்ளினார். அன்றைக்கு கோல்டன் கோல் விதி. அது உள்ளே போயிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

எக்ஸ்ட்ரா டைமிலும் கோல் இல்லாமல் பெனால்டிக்குப் போனது. சீனாதான் முதலில் உதைத்தது. இரண்டு பக்கமும் முதல் இரண்டும் கோல். சீனாவின் மூன்றாவது உதை லியு யிங். ஸ்கர்ரி இடது பக்கம் பாய்ந்து இரண்டு கையாலும் தட்டிவிட்டார். அதன் பிறகு யாருமே தவறவிடவில்லை. கடைசியில் பிராண்டி சாஸ்டைன் இடது காலால் அடித்து 5-4. சாஸ்டைன் ஜெர்சியைக் கழற்றி மண்டியிட்ட படம்தான் எல்லா இடத்திலும் வந்தது. தடுத்தவர் படம் அந்த அளவுக்கு வரவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம்.

விதியைப் பற்றிச் செல்வி மேடம் சொன்னால் சரியாக இருக்கும். அவர் கீப்பர்.

செல்வி (திருச்சி):

வேணி, உங்கள் பெண்ணிடம் முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். ஆமாம், முன்னால் வந்தார். ஓர் அடி இல்லை, அதற்கும் மேல். 1997-ல் திருத்திய விதிப்படி, பந்தை உதைக்கும்வரை கீப்பர் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். பக்கவாட்டில் அசையலாம், முன்னால் வரக் கூடாது. நடுவர் சுவிட்சர்லாந்தின் நிக்கோல் பெத்தினியா விசில் ஊதியிருந்தால் லியு யிங் இன்னொரு முறை உதைத்திருப்பார். ஊதவில்லை. 2019-ல் விதி கொஞ்சம் தளர்ந்தது. உதைக்கும் நொடியில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டில் இருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். அந்தக் கணக்கிலும் ஸ்கர்ரியின் அன்றைய பாய்ச்சல் தேறாது.

ஆனால் ‘ஏமாற்றி’ என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். அந்தக் காலத்துக் கீப்பர்கள் பெரும்பாலானோர் அப்படித்தான் ஆடினார்கள், நடுவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஸ்கர்ரியும் அதை மறைக்கவில்லை. எல்லோரும் செய்வதுதான் என்று அப்போதே வெளிப்படையாகச் சொன்னார். பெனால்டி புள்ளி பதினொரு மீட்டரில் இருக்கிறது. பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். கம்பத்துக்குக் கம்பம் 7.32 மீட்டர். கோட்டில் நின்று, பந்து கிளம்பிய பிறகு யோசித்துப் பாய்ந்தால் நல்ல உதை எதையும் தொடக்கூட முடியாது. அதனால்தான் கீப்பர் முன்னால் வந்து கோணத்தைச் சுருக்கப் பார்க்கிறார். முன்னால் வந்தவர் எல்லாம் தடுத்துவிடவில்லை என்பதையும் உங்கள் பெண் கவனிக்கட்டும். பக்கத்தைச் சரியாகப் படிக்க வேண்டும்.

அங்கேதான் அந்தத் தடுப்பின் விஷயமே இருக்கிறது. உதைக்க வருபவர் முகத்தை ஸ்கர்ரி பொதுவாகப் பார்க்க மாட்டாராம். லியு யிங் நடுவட்டத்திலிருந்து நடந்து வரும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அந்த நடையிலேயே தளர்ச்சி தெரிந்தது, இது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன் என்று பிற்பாடு பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்த வீடியோவை மறுபடி போடச் சொல்லுங்கள். இந்த முறை ஸ்கர்ரியின் காலைப் பார்க்க வேண்டாம், பந்து வைக்கப்படுவதற்கு முன் அவர் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கட்டும்.

இன்னொன்றையும் மனசு விட்டுச் சொல்கிறேன். அந்த ஒரு தடுப்பை நடுவில் வைத்துக்கொண்டு ஸ்கர்ரி வாழ்க்கையை எழுதினால், அந்தப் பையன் கேட்டது போன்ற கேள்விதான் வரும். அவர் 1994-ல் அமெரிக்க டீமுக்கு வந்தார், 2008 வரை ஆடினார், 170-க்கும் மேல் சர்வதேச ஆட்டங்கள். அதில் அது ஒரு நொடி. நான் பயிற்சி கொடுக்கும் பெண்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லும்போது 2000-லிருந்து ஆரம்பிப்பேன்.

உலகக் கோப்பை ஜெயித்த பிறகு விழா, பேட்டி, ஊர் ஊராகப் பயணம். உடம்பு எடை போட்டது, பயிற்சி குறைந்தது, காலில் காயம். சிட்னி ஒலிம்பிக்ஸ் வந்தபோது முதல் கீப்பராக சிரி மல்லினிக்ஸ் நின்றார். உலக சாம்பியன் கீப்பர் பெஞ்சில். அமெரிக்கா ஃபைனலில் நார்வேயிடம் 3-2 என்று தோற்றதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். மற்ற ஆட்டக்காரர்கள் பெஞ்சில் இருந்தால் எழுபதாவது நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். கீப்பருக்கு அது கிடையாது. முதல் கீப்பருக்கு அடிபட்டால்தான் உண்டு. தன் டீம்காரிக்கு அடிபட வேண்டும் என்று யார் நினைப்பார்? அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

அதிலிருந்து அவர் எழுந்து வந்தார். அட்லாண்டா பீட் கிளப்பில் ஆடி, உடம்பைத் திரும்பக் கட்டி, 2003 உலகக் கோப்பைக்கு மறுபடி முதல் கீப்பர். 2004 ஜூனில் அப்பா இறந்துபோனார். ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ். ஃபைனலில் பிரேசில், மார்த்தா, கிறிஸ்தியானே, பிரெட்டினா மூன்று பேரும் அலை அலையாக வந்தார்கள். பந்து இரண்டு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 112-வது நிமிடத்தில் அமெரிக்காவின் ஆபி வாம்பாக் தலையால் முட்டி 2-1. அதுவரை அமெரிக்காவை ஆட்டத்தில் வைத்திருந்தது ஸ்கர்ரி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் தங்கமும் அவருக்கு உண்டு. ஆனாலும் பெஞ்சிலிருந்து திரும்பி வந்து வாங்கிய இந்த இரண்டாவது தங்கம்தான் எனக்குப் பெரிது.

சின்ன வயசுக் கதையும் அட்டையில் வரட்டும். ஒன்பது பிள்ளைகளில் கடைசி. அவர்கள் இருந்த பகுதியில் ஒரே கறுப்பினக் குடும்பம். எட்டு வயதில் 1980 குளிர்கால ஒலிம்பிக்ஸில் அமெரிக்க ஐஸ் ஹாக்கி டீம் ஜெயித்ததை டிவியில் பார்த்துவிட்டு, நானும் ஒலிம்பிக்ஸ் போவேன் என்று வீட்டில் சொன்னவர். பையன்கள் டீமில் ஆடும்போது, பெண் பிள்ளைக்கு அடிபடாத இடம் என்று நினைத்து கோச் அவரை கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்தினார். கீப்பிங் செய்த யாரிடமாவது கேளுங்கள், மைதானத்தில் அடிபடாத இடம் அதுவா என்று.

1995 உலகக் கோப்பையில் டென்மார்க் ஆட்டத்தில் நடந்ததையும் சேர்க்கலாம், பிள்ளைகள் ரசிப்பார்கள். பெனால்டி பெட்டிக்கு வெளியே பந்தைக் கையால் தொட்டார் என்று ஸ்கர்ரிக்குச் சிவப்பு அட்டை. மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரையும் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. கோல் அடிக்கும் ஆட்டக்காரியான மியா ஹாம் கீப்பர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கடைசி நிமிடங்களில் கோலில் நின்றார்!

வேணி (மினசோட்டா):

செல்வி மேடம், ரொம்ப நன்றி. அப்படியே அவளுக்குப் படித்துக் காட்டினேன். தலை திரும்பியதைப் பார்க்கிறேன் என்று உடனே உட்கார்ந்துவிட்டாள். வேறு ஆளை எடுப்பதாகச் சொன்னதை விட்டுவிட்டாள்.

அவள் கேட்கும் கேள்வி: இன்னொரு அமெரிக்கக் கீப்பர் ஹோப் சோலோவும் அவளுக்குப் பிடிக்கும். 2007-ல் இரண்டு பேருக்கும் சண்டை என்று எங்கோ பார்த்திருக்கிறாள். அது என்ன? அப்புறம் என் இரண்டாவது கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

செல்வி (திருச்சி):

சண்டை என்று சொல்ல முடியாது. 2007 உலகக் கோப்பை சீனாவில். சோலோ தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் கோலே விடவில்லை. அரையிறுதியில் பிரேசில். பயிற்சியாளர் கிரெக் ரையன் திடீரென்று சோலோவை உட்காரவைத்து ஸ்கர்ரியை இறக்கினார். பிரேசிலுக்கு எதிராக ஸ்கர்ரி நன்றாக ஆடியவர் என்பது அவர் கணக்கு. அமெரிக்கா 0-4 என்று தோற்றது. 51 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத டீம்.

சோலோ கேமரா முன்னாலேயே, அது தவறான முடிவு, நான் நின்றிருந்தால் அந்தப் பந்துகளைத் தடுத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார். டீமே கொதித்துப்போய் அவரை ஒதுக்கிவைத்தது. மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்திலும் ஸ்கர்ரிதான் நின்றார். பிற்பாடு சோலோ ஸ்கர்ரியிடம் மன்னிப்புக் கேட்டார்.

என் பார்வையில், இரண்டு பேருக்கும் அன்றைக்கு அநியாயம் நடந்தது. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரை உட்காரவைத்துவிட்டார்கள். வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தவரைச் சூடே ஏறாமல் மார்த்தா முன்னால் நிறுத்தினார்கள். முதல் கோல் சொந்த டீம்காரி தலையில் பட்டு உள்ளே போனது. இடைவேளைக்கு முன்பே ஷானன் பாக்ஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். பத்துப் பேரோடு ஆடிய டீமின் கோல் கணக்கு கீப்பர் பெயரில் எழுதப்பட்டது. உங்கள் பெண் இரண்டு பேரையும் தாராளமாக விரும்பலாம். சோலோவின் அப்பாவும் அந்த வருடம் ஜூனில்தான் இறந்திருந்தார் என்பதையும் சொல்லுங்கள். ஸ்கர்ரிக்கு 2004-ல் நடந்ததேதான்.

இரண்டாவது கேள்வி. இதை நீங்கள் மறைக்காமல் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். 2010 ஏப்ரல், வாஷிங்டன் ஃப்ரீடம் டீமுக்காக ஃபிலடெல்பியாவுக்கு எதிரான ஆட்டம். தாழ்வாக வந்த பந்தைக் குனிந்து எடுக்கப் போனார். ஓடிவந்த எதிரணிக்காரியின் முழங்கால் தலையின் பக்கவாட்டில் இடித்தது. பந்தை விடவில்லை. எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஜெர்சி எண்கள் மங்கலாகத் தெரிந்தபோதும் இடைவேளைவரை நின்றார். வெளியே நடந்து வரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்ததைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள். அதுதான் அவர் ஆடிய கடைசி ஆட்டம்.

அடுத்த மூன்று வருடம் தலைவலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, எதிலும் கவனம் நிற்காது, மனச்சோர்வு. உயிரோடு இருக்க வேண்டுமா என்ற எண்ணம்வரை போனது. இன்சூரன்ஸ்காரர்களோடு போராட்டம். இரண்டு ஒலிம்பிக்ஸ் தங்கத்தையும் 18,000 டாலருக்கு அடகு வைத்தார். நம் ஊரில் அவசரத்துக்கு நகையை அடகு வைக்கிறோம், அது வீட்டு விஷயம். ஒரு நாட்டுக்காக வாங்கிய தங்கம் அடகுக்கடைக்குப் போனது என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று வெளியே தெரியாத அடி என்பதால், நன்றாகத்தானே இருக்கிறாய் என்று சொல்லிச் சொல்லியே அவரைத் தனியாக விட்டார்கள். கடைசியில் கிறிஸ்ஸா சிசோஸ் என்ற பெண் அவர் பக்கம் நின்று பேசி, சிகிச்சைக்கு வழி செய்தார். பின்னாளில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். 2013 அக்டோபரில் ஜார்ஜ்டவுன் மருத்துவமனையில், தலையின் பின்பக்க நரம்பில் அறுவை சிகிச்சை. அதன் பிறகுதான் அந்தத் தலைவலி விட்டது. பதக்கங்களையும் மீட்டார்கள்.

நான் கல்லூரியில் ஆடும்போது எனக்கும் ஒரு முழங்கால் பட்டது. கோச் முகத்தில் தண்ணீர் அடித்து, ‘ஒன்றுமில்லை, நில்லு’ என்றார். நின்றேன். மீதி ஆட்டம் எனக்கு ஞாபகமே இல்லை. அந்த நாளில் எங்களுக்கு அது தைரியம். இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்வது, தலையில் பட்டால் கையைத் தூக்கு, ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி.

மணி (பிசியோ, சிங்கப்பூர்):

வேணி அக்கா, என் வேலையில் விளையாட்டுக் காயங்கள் பார்க்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. மிட்ஃபீல்டிலும் தலை மோதும். தலையோடு தலை மோதுவது அங்கேயும் உண்டு. இடத்தை மாற்றினால் ஆபத்து போய்விடாது.

அமெரிக்காவில் 2015 முதல் பத்து வயதுக்குள் இருப்பவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது, பதினொன்றிலிருந்து பதின்மூன்றுவரை பயிற்சியில் கட்டுப்பாடு என்று அங்குள்ள கால்பந்து சங்கம் விதி போட்டிருக்கிறது. உங்கள் மாநிலத்தில் 2011-லிருந்தே சட்டம் இருக்கிறது: கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கிய சந்தேகம் வந்தால் பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்ப ஆடலாம். கோச் அதைத் தெரிந்து வைத்திருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அடிபட்டு மயங்கினால்தான் கன்கஷன் என்றில்லை. பெரும்பாலும் மயக்கமே வராது. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் பிடிக்காமல் போவது, வழக்கத்துக்கு மாறான தூக்கம், எரிச்சல், இதெல்லாம் மறுநாள்கூடத் தெரியலாம். திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், தலைவலி ஏறிக்கொண்டே போவது என்றால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி படுவதுதான் ரொம்ப மோசம். தலைக்கவசப் பட்டை வாங்கிப் போட்டுவிட்டால் கன்கஷன் வராது என்று நம்பிவிடாதீர்கள். வெட்டுக்காயம் குறையும், உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது.

வேணி (மினசோட்டா):

மணி, செல்வி மேடம், ரவி சார், மூவருக்கும் நன்றி. நேற்று பயிற்சிக்குப் போனபோது கோச்சிடம் கேட்டேன். சட்டம் தெரிந்திருக்கிறது, பெற்றோருக்குக் கொடுக்கும் தாளையும் எடுத்துக் காட்டினார். வீட்டுக்காரர் இந்த சீசன் முடியட்டும் என்கிறார்.

அவளுக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி. அட்டையின் நடுவில் எந்தப் படம் வைப்பது?

ரவி (கலிஃபோர்னியா):

இடது பக்கம் பாய்ந்து தடுக்கும் படம்தான். அன்றைக்கு வைக்காமல் விட்ட படத்தை உங்கள் மகளாவது நடுவில் வைக்கட்டும்.

செல்வி (திருச்சி):

அதுவும் இருக்கட்டும், ஓரத்தில். நடுவில் 2004 ஏதென்ஸ் பதக்க மேடைப் படம் என்பது என் ஓட்டு. கீழே 2017 என்று போட்டு, அமெரிக்கக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்ற முதல் பெண் கீப்பர், முதல் கறுப்பினப் பெண் என்று எழுதட்டும். வாஷிங்டனில் 2016-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அவருடைய 1999 ஜெர்சியை வைத்திருக்கிறார்கள், லீவில் கூட்டிப் போங்கள். தலைக்காயம் பற்றி 2014-ல் அவர் அமெரிக்கக் காங்கிரஸ் முன் சாட்சி சொன்னதற்கும் ஒரு வரி ஒதுக்கச் சொல்லுங்கள். அந்தப் பையன் மறுபடி கேட்டால், முன்னால் வந்தார் என்பதை அவளே முதலில் ஒப்புக்கொண்டு, விதியை விளக்கட்டும். விதி தெரிந்தவள் பேசினால் வகுப்பு கேட்கும்.